கில்ட்டும் கால் பிரியாத பிற உடைகளும்: ஆண்கள் அன்றாடம் அணிவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். அவற்றில் கடைசி நான்கு ஆண்டுகளாக வாரத்தில் இரண்டு மூன்று நாள் கில்ட் அணிந்துதான் வேலைக்குப் போகிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களும், இங்கே படிக்க வரும் தமிழ் மாணவர்களும், காணொளி அழைப்பில் என்னைப் பார்த்துவிட்ட சித்தப்பாவும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிரித்துக்கொண்டே கேட்கப்பட்டவையும் இதில் உண்டு. அவற்றுக்கும் நேரான பதிலையே எழுதியிருக்கிறேன்.

கில்ட் என்பது ஆண்கள் அணியும் பாவாடைதானே?

தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். கையில் எடுத்து விரித்தால் அது பாவாடையைவிட வேட்டிக்கு நெருக்கமான உடை என்பது புரிந்துவிடும். பாவாடை குழாயாகத் தைக்கப்படுவது. கில்ட்டோ மூட்டாத கைலியைப் போல நீளவாக்கில் முழுவதும் விரியும். ஒரு முனையை இடுப்பில் வைத்து, உடலைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுமுனையை முன்புறத்தில் அதன் மேல் படியவைத்து, வலப்பக்கம் இரண்டும் இடப்பக்கம் ஒன்றுமாக உள்ள தோல் வார்களை இழுத்து மாட்ட வேண்டும். முன்பக்கம் தட்டையாக இருக்கும். பின்பக்கம் முழுவதும் கொசுவம். அந்தக் கொசுவத்தை இடுப்பிலிருந்து பிட்டம் வரை கையால் தைத்து நிறுத்தியிருப்பார்கள், அதற்குக் கீழே அது தன்போக்கில் ஆடும்.

முறையான கில்ட் ஒன்றுக்குச் சுமார் எட்டு கஜம், அதாவது 7.3 மீட்டர் கம்பளித் துணி செலவாகிறது. இதைச் சொன்னபோது என் அம்மா, "மடிசாருக்கு ஒரு கஜம்தான் குறைச்சல்" என்றார். சொல்லின் வேரும் நமக்குப் பழக்கமான செயலையே குறிக்கிறது: கில்ட் என்பது வடக்கத்திய ஸ்காண்டிநேவிய மொழிகளிலிருந்து வந்த சொல், துணியைத் தூக்கிச் செருகிக்கொள்வது என்பது அதன் பொருள். வயல் வரப்பில் இறங்கும் முன் வேட்டியை மடித்துக் கட்டுகிறோமே, அதேதான்.

ஸ்காட்லாந்தில் ஆண்கள் தினமும் இதைத்தான் அணிகிறார்களா?

இல்லை. விமான நிலையத்தில் இறங்கியவுடன் தெருவெல்லாம் கில்ட் தெரியும் என்று நினைத்து வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். ஜீன்ஸும் மழைச்சட்டையும்தான் இங்கே அன்றாட உடை. கில்ட் வெளியே வரும் நாட்கள் தனி: திருமணம், பட்டமளிப்பு, ஜனவரி 25 அன்று கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவாக நடக்கும் விருந்து, நவம்பர் 30 அன்று வரும் புனித ஆண்ட்ரூ நாள், கால்பந்து அணி வெளிநாட்டில் ஆடும் நாள். சுற்றுலாப் பயணிகளுக்காகத் தெருமுனையில் பேக்பைப் என்ற காற்றுப்பை இசைக்கருவியை வாசிப்பவர்களையும் சில ஓட்டல் வாயிற்காவலர்களையும் விட்டுவிட்டால், சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் கில்ட் அணிந்து காய்கறி வாங்கும் ஆணைப் பார்ப்பது அரிது.

நான் முதன்முதலாக அப்படிப் போன நாளில், லீத் வாக் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த ஒரு மூதாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார். கல்யாணம் இல்லை, வேலைக்குப் போகிறேன் என்றேன். அவர் முகத்தில் வந்தது ஏமாற்றம்தான்; கேலி இல்லை. சென்னையில் கணினி நிறுவனத்துக்கு வேட்டியோடு போகும் ஆணிடம் "என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள் அல்லவா, அந்தக் கேள்விக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. இரண்டு உடைகளுமே மதிக்கப்படுகின்றன, மதித்து மதித்தே பீரோவில் ஏற்றி வைக்கப்படுகின்றன. கில்ட்டை அன்றாடம் அணிய விரும்புபவர் எதிர்கொள்ள வேண்டியது பெரும்பாலும் இந்த மரியாதையைத்தான்.

அது மிகப் பழமையான உடையா?

சுற்றிக் கட்டும் போர்வை பழையது. இன்று கடையில் விற்கும் வடிவம் அவ்வளவு பழையதல்ல. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டு ஆண்கள் ஐந்து மீட்டர் அளவுள்ள கம்பளித் துணியைக் கையால் கொசுவி, இடுப்பில் வாரால் இறுக்கி, மீதியைத் தோளில் போட்டுக்கொண்டார்கள். பகலில் அது உடை, மழையில் முக்காடு, இரவில் போர்வை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோள்பகுதி கழன்று, இடுப்புக்குக் கீழே உள்ள பகுதி மட்டும் தனி உடையாகியது. இந்த மாற்றத்தைச் செய்தவர் தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேய இரும்பாலை உரிமையாளர், தம் தொழிலாளிகள் உலைக்கருகில் வசதியாக வேலை செய்யட்டும் என்று வெட்டிவிட்டார் என 1785இல் அச்சான ஒரு கடிதம் சொல்கிறது. ஸ்காட்லாந்தின் தேசிய உடையைக் கண்டுபிடித்தவர் ஆங்கிலேயர் என்பதால் இந்தக் கதை இங்கே எந்த விருந்திலும் சண்டையைக் கிளப்பும். மறுப்பவர்கள், அவருக்கு முன்பே அப்படி அணிந்திருந்தார்கள் என்கிறார்கள். எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. வேலைக்கு இடைஞ்சலாக இருந்த துணியை யாரோ சுருக்கினார்கள் என்பது போதும். கொசுவத்தைத் தைத்து நிறுத்தும் பழக்கம் 1790களில் மலைநாட்டுப் படைப்பிரிவுகளில் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எடின்பரோ, கிளாஸ்கோ உள்ளிட்ட தாழ்நிலப் பகுதி மக்களின் முன்னோர்கள் கில்ட் அணிந்தவர்களே அல்லர். மலைநாட்டாரின் அந்த உடையை அவர்கள் கரடுமுரடானதாகக் கருதினார்கள். இன்று அதைத் தங்கள் பாட்டன் சொத்துப்போல வாடகைக்கு எடுத்து மணமேடை ஏறுபவர்களில் பெரும்பாலோர் அந்தத் தாழ்நிலத்தாரின் வழிவந்தவர்களே.

கில்ட்டை அரசு தடை செய்தது உண்மையா?

உண்மை. 1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் போரில் ஸ்டூவர்ட் அரச வம்சத்தின் ஆதரவாளர்கள் தோற்ற பிறகு, மலைநாட்டாரின் போர்க்குணத்தை ஒடுக்க லண்டன் நாடாளுமன்றம் அவர்களது உடையைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஆண்களும் சிறுவர்களும் மலைநாட்டு உடை அணிந்து பிடிபட்டால் முதல் முறை ஆறு மாதச் சிறை. இரண்டாம் முறை கடல் கடந்த தோட்டங்களுக்கு ஏழு ஆண்டு நாடுகடத்தல். அரசப் படையில் பணியாற்றியவர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஆகவே அந்த உடையை அஞ்சாமல் அணிய ஆசைப்பட்டவன், எந்த அரசு அதைப் பறித்ததோ அதே அரசின் படையில் சேர்ந்தாக வேண்டியிருந்தது. 1782இல் சட்டம் நீக்கப்பட்டபோது ஒரு தலைமுறைக்கு மேல் கழிந்திருந்தது. சாதாரணக் குடியானவன் கால்சட்டைக்குப் பழகிவிட்டிருந்தான்.

கில்ட் விசேஷ உடையானது இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு. உழவன் கைவிட்டதைச் சீமான்கள் எடுத்துக்கொண்டார்கள். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வரவேற்பை ஏற்பாடு செய்த நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் நகரத்துப் பெரியமனிதர்களை எல்லாம் கில்ட்டில் வந்து நிற்கச் சொன்னார். பருத்த உடல் கொண்ட மன்னரும் முழங்காலுக்கு மேலேறிய கில்ட்டும், அதன் கீழே தோல் நிறத்து இறுக்கமான காலுறையும் அணிந்து தோன்றினார். கேலிச்சித்திரக்காரர்கள் அவரை விடவில்லை. ஆனாலும் நாற்பது ஆண்டுகளுக்கு முன் வரை அணிந்தவர் சிறை சென்றிருக்கக்கூடிய உடை அது. அதை மன்னரே அணிந்த பிறகு அது நாட்டின் உடையாகிவிட்டது. பின்னர் விக்டோரியா அரசியின் குடும்பம் ஸ்காட்லாந்தின் பால்மோரல் கோட்டையில் குடியமர்ந்ததும் அந்த மதிப்பு உறுதிப்பட்டது.

டார்ட்டன் கட்டமும் நம் கைலிக் கட்டமும் ஒன்றா?

கில்ட் துணியின் கட்டத்துக்கு டார்ட்டன் என்று பெயர். கண்ணுக்கு உறவு போலத் தெரியும். தறியில் அவை வேறு. நம் கட்டம் போட்ட கைலி பருத்தி நூலில் சாதா நெசவாக நெய்யப்படுவது: குறுக்கே ஓடும் ஊடை நூல், நீளவாக்கில் ஓடும் ஒரு பாவு நூலுக்கு மேலேயும் அடுத்ததற்குக் கீழேயும் போகும். டார்ட்டனில் ஊடை இரண்டு பாவு நூல்களுக்கு மேல், இரண்டுக்குக் கீழ் என்று போகிறது; ஒவ்வொரு வரியிலும் ஒரு நூல் தள்ளித் தொடங்குகிறது. அதனால் துணியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய சாய்கோடுகள் தெரியும். பாவில் எந்த வரிசையில் எத்தனை நூல் எந்த நிறமோ, பெரும்பாலான டார்ட்டன்களில் ஊடையிலும் அதே வரிசை அமையும். சிவப்புப் பாவும் சிவப்பு ஊடையும் சேருமிடம் முழுச் சிவப்பு, சிவப்பும் பச்சையும் சேருமிடம் இரண்டும் கலந்த நிறம். இப்படி மூன்று நிற நூல்களிலிருந்து ஆறு சாயல்கள் கிடைத்துவிடுகின்றன.

கில்ட் தைப்பவரின் கைத்திறன் தெரிவதும் இங்கேதான். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் கட்டத்தின் ஒரு முழுச் சுற்றை மறைத்து, வெளியே தெரியும் சிறு பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் சேரும்போது மடிப்பே இல்லாத துணிபோலக் கட்டம் தொடரும்படி செய்கிறார். எனக்குத் தைத்துக் கொடுத்த அம்மையாரின் மேசையில் வேறொருவருக்காகத் தைத்த கட்டம் போட்ட கில்ட்டின் பின்புறத்தைப் பார்த்தேன். இருபத்தேழு மடிப்புகளில் ஒன்றுகூட அரை நூல் விலகவில்லை. நடக்கும்போது மடிப்பு விரிந்து, உள்ளே ஒளிந்திருந்த சிவப்பு ஒரு கணம் மின்னி மறையும். அதை அணிந்திருப்பவர் பார்க்க முடியாது என்பதுதான் குறை.

எந்தக் கட்டத்தை வேண்டுமானாலும் ஒரு தமிழர் அணியலாமா? அது குலத்துக்கு உரியது என்கிறார்களே?

அணியலாம், சட்டத் தடை எதுவும் இல்லை. பால்மோரல் கட்டத்தை அரச குடும்பத்துக்கு விட்டுவிடுவது மரியாதை. ஒவ்வொரு குலத்துக்கும் ஆதியிலிருந்து ஒரு கட்டம் இருந்தது என்பது 19ஆம் நூற்றாண்டில் உறுதிபெற்ற நம்பிக்கை. 1815இல் லண்டன் ஹைலேண்ட் சொசைட்டி குலத்தலைவர்களிடம் அவரவர் கட்டத்தின் மாதிரியைக் கேட்டு எழுதியபோது, தங்கள் கட்டம் எது என்று தெரியாத தலைவர்கள் இருந்தார்கள். பேனக்பர்னில் இருந்த வில்சன் குடும்பத்தின் நெசவாலை முதலில் எண்களால் குறித்து விற்ற சில கட்டங்களுக்குப் பிறகு ஊர்ப்பெயரும் குலப்பெயரும் சேர்ந்தன. வியாபாரம் நடந்தது, மரபும் பிறந்தது.

குலத் தொடர்பு இல்லாதவர்கள் கருநீலமும் கரும்பச்சையும் கலந்த பிளாக் வாட்ச் கட்டத்தையோ, ஊர்ப்பெயர் கொண்ட கட்டங்களையோ எடுப்பது வழக்கம். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அரசுப் பதிவேட்டில் புதிய கட்டத்தைக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்யவும் முடியும். நான் ஒற்றை நிறச் சாம்பல் கில்ட் ஒன்றும் பிளாக் வாட்ச் ஒன்றும் வைத்திருக்கிறேன். வேலைக்குச் சாம்பல் நிறம்தான் நல்லது, யாரும் குலம் விசாரிப்பதில்லை.

உள்ளே என்ன அணிவார்கள்?

சித்தப்பா கேட்க வெட்கப்பட்டு மூன்றாவது அழைப்பில் கேட்ட கேள்வி இது. ஆங்கிலத்தில் அணிவதற்கும் தேய்ந்துபோவதற்கும் ஒரே சொல் என்பதால், கில்ட்டுக்குள் என்ன அணிந்திருக்கிறாய் என்று கேட்டால், "உள்ளே எதுவும் தேய்ந்துபோகவில்லை, எல்லாம் நல்ல நிலையில்தான் இருக்கிறது" என்று பதில் சொல்வது இங்கே அலுத்துப்போன நகைச்சுவை. உள்ளாடை இல்லாமல் அணிவதே உண்மையான மரபு என்ற பேச்சு படைவீரர்களிடமிருந்து வந்தது. 2010இல் ஸ்காட்டிஷ் டார்ட்டன்ஸ் அத்தாரிட்டி என்ற அமைப்பு, அது நாகரிகமும் சுகாதாரமும் அற்ற செயல் என்ற கருத்தை வெளியிட்டதும் நாளிதழ்களில் பெரிய விவாதமே நடந்தது. வாடகைக் கடைக்காரர்கள் எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. அன்றாடம் அணிபவர் உள்ளாடை அணியட்டும். கம்பளி உறுத்தும், காற்று அடிக்கும், பேருந்து இருக்கை எல்லோருக்கும் பொது.

இந்தக் கேள்வியில் கசப்பான பக்கமும் உண்டு. குடித்திருக்கும் அந்நியர்கள், ஆண்களும் பெண்களும், கில்ட்டைத் தூக்கிப் பார்க்க முயல்வது வேடிக்கை என்று நினைக்கிறார்கள். கில்ட் அணிந்து உணவு பரிமாறும் இளைஞர்களுக்கு இது வாரக்கடைசித் தொல்லை. பாவாடை அணிந்த பெண்ணிடம் செய்தால் எது குற்றமோ அது இங்கும் குற்றம்தான். துணிக்குக் கீழே கேமராவை நீட்டிப் படமெடுப்பதைத் தண்டிக்கும் இங்கிலாந்தின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் ஆண் பெண் வேறுபாடு பார்ப்பதில்லை. ஸ்காட்லாந்தில் அதற்கு முன்பே அப்படிப்பட்ட சட்டம் வந்துவிட்டது.

காற்றில் பறக்காதா? உட்காருவது எப்படி?

கனமான கம்பளியில் தைத்த கில்ட் எளிதில் பறக்காது. பின்புறக் கொசுவத்தின் எடையே அதைக் கீழே இழுத்துப் பிடிக்கும். மலிவான செயற்கை இழைக் கில்ட்தான் பறக்கும். முன்புறத் துணியின் கீழ் மூலையில் குத்தும் ஊசி அழகுக்கும் சிறிது எடைக்கும் உரியது. அதை மேல் துணியில் மட்டும் குத்த வேண்டும், இரண்டையும் சேர்த்துக் குத்தினால் முதல் நீண்ட அடியிலேயே துணி கிழியும். நான் கிழித்திருக்கிறேன்.

உட்காரும்போது பின்புறக் கொசுவத்தைக் கையால் ஒருமுறை கீழ்நோக்கித் தடவிவிட்டு அமர வேண்டும். முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும், அல்லது இடுப்புச் சங்கிலியில் முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற தோல்பையை மடிக்கு நடுவே விட்டுக்கொள்ள வேண்டும். கில்ட்டில் சட்டைப்பை கிடையாது என்பதால் சாவி, கைப்பேசி, பேருந்து அட்டை எல்லாம் அந்தப் பைக்குள்தான். கைலி மடிப்பில் பீடிக்கட்டும் சில்லறையும் செருகி வைத்திருந்த என் தாத்தாவுக்கு இந்த ஏற்பாடு வீண் ஆடம்பரமாகத் தோன்றியிருக்கும். உண்மையில் வேட்டி கட்டிப் பழகிய ஆணுக்கு இதில் கற்க அதிகமில்லை. படி ஏறும்போது, தரையில் அமரும்போது, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறும்போது துணியை எந்தக் கை எங்கே பிடிக்க வேண்டும் என்பதை உடல் ஏற்கெனவே அறியும். என்னோடு கில்ட் வாங்கிய போலந்து நண்பர் இரண்டு மாதம் பாடுபட்டார்.

குளிராதா?

முழங்கால் மட்டும் குளிரும். இடுப்பைச் சுற்றி மூன்று அடுக்குக் கம்பளி இருப்பதால் மற்ற இடம் கால்சட்டையைவிடக் கதகதப்பாகவே இருக்கும். ஈரமானால்தான் தொல்லை, முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் சேறு அப்பி உறைந்த கில்ட்டின் ஓரம் வீரர்களின் கால்களை அறுத்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகே, இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் போர்க்கள உடையிலிருந்து அது விலக்கப்பட்டது.

அலுவலகத்துக்கு அணிந்து போகலாமா?

என் அனுபவத்தில் ஸ்காட்லாந்தில் தடையில்லை. மேற்சட்டையும் கழுத்துப்பட்டையும் சேர்ந்தால் கில்ட் முழுச் சம்பிரதாய உடையாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆனால் அன்றாடம் அணிய விரும்புபவர்களுக்கு நான் சொல்வது வேறு: வெள்ளிப் பொத்தான் வைத்த குட்டைக் கோட்டு, உரோமம் தொங்கும் ஸ்போரன், முழங்கால் வரை வெள்ளைக் காலுறை எல்லாவற்றையும் வீட்டில் விட்டுவிடுங்கள். அவற்றோடு அணிந்தால் நீங்கள் மாப்பிள்ளை, இல்லாவிட்டால் வாத்தியக்காரர். சாதாரணக் கம்பளிச் சட்டை, தடித்த காலுறை கணுக்காலில் சுருட்டியபடி, நடைக்கான காலணி, எளிய தோல்பை. இப்படி அணிந்தால் மூன்றாவது வாரம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அது சரியாகப் பதினெட்டு நாள் எடுத்தது.

கில்ட் அல்லாத ஸ்கர்ட்டை ஆண்கள் அணிகிறார்களா?

அணிகிறார்கள், பெரும்பாலும் வெயிலின் பேரில். 2013இல் ஸ்டாக்ஹோம் புறநகர் ரயில் ஓட்டுநர்கள் கோடையில் அரைக்கால்சட்டை அனுமதிக்கப்படாததால், சீருடை விதியில் இருந்த ஸ்கர்ட்டை அணிந்து வந்தார்கள். ஆண்கள் அணியக் கூடாது என்றால் பாகுபாடாகும் என்பதால் நிறுவனமும் ஒப்புக்கொண்டது. 2017 ஜூன் வெப்ப அலையின்போது பிரான்ஸின் நாந்த் நகரப் பேருந்து ஓட்டுநர்களும், இங்கிலாந்தின் எக்ஸிடரில் ஒரு பள்ளி மாணவர்களும் இதையே செய்தார்கள். மூன்று இடங்களிலும் அவர்கள் கேட்டது ஸ்கர்ட் அல்ல, அரைக்கால்சட்டை. பெண்களின் உடையை அணிந்து காட்டினால் மேலதிகாரிகள் வெட்கப்பட்டு இறங்கி வருவார்கள் என்ற கணக்கு அது. ஆகவே இதை ஸ்கர்ட்டுக்குக் கிடைத்த வெற்றி என்று எழுதுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

விருப்பத்தோடு அணிபவர்களின் கதை வேறு. 1980களின் நடுவில் பாரிஸ் வடிவமைப்பாளர் ஜான் பால் கோத்தியே ஆண்களுக்கு ஸ்கர்ட் வடிவமைத்து மேடையேற்றினார். 1998இல் கால்பந்து வீரர் டேவிட் பெக்கம் சாரம் (கைலி) கட்டி உணவருந்தப் போனதை இங்கிலாந்துப் பத்திரிகைகள் ஆண்டுக்கணக்கில் பேசின. யாழ்ப்பாணத்திலோ காயல்பட்டினத்திலோ ஒருவர் சாரத்தோடு கடைக்குப் போவது யாருக்குச் செய்தி? 2000ஆம் ஆண்டில் சியாட்டில் நகரில் யூட்டிலிகில்ட் என்ற பெயரில் தடித்த பருத்தியில், பக்கவாட்டுப் பைகளோடு விற்கத் தொடங்கிய உடைதான் தச்சர்களையும் மின்பணியாளர்களையும் எட்டியது. சுத்தியல் மாட்ட வளையம் வைத்தவுடன் ஆண்களின் தயக்கம் பாதி குறைந்துவிட்டதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

வேறெந்த நாடுகளில் இது சாதாரணம்?

பிஜியில் பைகள் வைத்துத் தைத்த சூலு என்ற சுற்றுடையைச் சட்டை, கழுத்துப்பட்டை, செருப்போடு அணிந்து ஆண்கள் அலுவலகம் போகிறார்கள். அந்நாட்டுப் போலீசாரின் சடங்குச் சீருடையில் ஓரம் பற்கள்போல வெட்டிய வெள்ளைச் சூலு உண்டு. சமோவாவில் போலீசாரே அத்தகைய உடையில் ரோந்து போகிறார்கள். மியன்மாரில் ஆண்கள் முன்புறம் முடிச்சிட்ட, கைலி போன்ற லோஞ்சியோடு வங்கிக்கும் நாடாளுமன்றத்துக்கும் போவது வழக்கம். மாறாக, கிரேக்கத்தின் நானூறு மடிப்பு வெள்ளைப் பாவாடை ஏதென்ஸில் காவல் நிற்கும் வீரர்களோடு நின்றுவிட்டது. கால்சட்டை ஆண்களின் இயற்கையான உடை என்று வாதிடுபவர்களுக்கு ஒரு செய்தி: கிடைத்திருப்பவற்றில் மிகப் பழைய கால்சட்டை சீனாவின் துர்ஃபான் பகுதியில் சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறையில் எடுத்தது, குதிரையேறியவர்களின் உடை அது. குதிரை ஏறாதவர்கள் நெடுங்காலம் சுற்றிக் கட்டியே வாழ்ந்தார்கள்.

தமிழ்நாட்டில் வேட்டிக்குத் தடை இருந்ததா?

சட்டத்தில் இல்லை, சில மன்றங்களின் (கிளப்களின்) வாசலில் இருந்தது. ஆங்கிலேயர் காலத்து உடை விதிகளைக் கைவிடாத மன்றங்களில் வேட்டி அணிந்தவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு புத்தக வெளியீட்டுக்கு வேட்டியில் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனையே ஒரு மன்றம் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே, முதலமைச்சர் ஜெயலலிதாவின் அரசு சட்டமன்றத்தில் சட்டம் கொண்டுவந்தது: வேட்டியையோ பிற இந்திய மரபுடையையோ காரணம் காட்டி அனுமதி மறுத்தால் உரிமம் ரத்தாகலாம், பொறுப்பானவருக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். அணிந்தால் சிறை என்றது 1746ஆம் ஆண்டுச் சட்டம். தடுத்தால் சிறை என்றது இது. ஆனால் கட்டிக்கொண்டு வருபவர்களை எந்தச் சட்டமும் உண்டாக்க முடியாது. பொங்கலுக்கு முன் வேட்டி தினம் கொண்டாடி, மறுநாள் கால்சட்டைக்குத் திரும்பும் அலுவலகங்கள் அதற்குச் சாட்சி.

காலுறையில் கத்தி வைப்பது சட்டப்படி சரியா?

ஸ்கீன் டூ எனப்படும் அந்தச் சிறு கத்தியைத் தேசிய உடையின் பகுதியாக அணிவதைப் பிரிட்டனின் கத்திச் சட்டங்கள் ஏற்கும் காரணமாகக் குறிப்பிடுகின்றன. ஆயினும் அன்றாட உடையில் அது வேண்டாம். சாம்பல் கில்ட்டும் மழைச்சட்டையும் அணிந்து கத்தியோடு ரயிலேறுபவர், விசேஷத்துக்குப் போகிறேன் என்று போலீசாரிடம் சொல்ல முடியாது. விமானத்தில் கைப்பையிலும் கூடாது.

அளவெடுப்பது எப்படி, எவ்வளவு செலவாகும்?

இடுப்பளவை நம் கால்சட்டை அளவிலிருந்து சொல்லக் கூடாது. கில்ட் தொப்புளுக்கு அருகே உயரமாக அமர்கிறது, இரண்டு அங்குலமாவது கூடும். நீளம் பார்க்க என்னைக் கடைத் தரையில் மண்டியிடச் சொன்னார்கள். ஓரம் தரைக்கு ஓர் அங்குலம் மேலே நின்றால் சரி. நிற்கும்போது அது முழங்கால்சில்லின் நடுவில் வரும். கையால் தைத்த எட்டு கஜக் கில்ட் பல நூறு பவுண்டு ஆகும். விலையைக் கேட்டுத் தயங்கியபோது, ஓரத்தில் விட்டிருக்கும் துணியைக் காட்டி, தொப்பை வந்தால் வாரை நகர்த்தித் தைக்கலாம், மகனுக்கும் தரலாம் என்றார் தையற்காரர். பயன்படுத்தியவற்றை விற்கும் தர்மக் கடைகளில் தேடுவதும் நல்ல வழி. என் பிளாக் வாட்ச் அப்படி வந்ததுதான்.

துவைப்பதும் பயணத்தில் எடுத்துச் செல்வதும் எப்படி?

இயந்திரத்தில் போடவே கூடாது. கறையை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, இரவில் காற்றாட மாட்டிவைத்தால் வாரக்கணக்கில் போதும். ஆண்டுக்கு ஒருமுறை உலர்சலவை. மழையில் நனைந்துவிட்டால் கொசுவத்தைக் கையால் நேராக்கி, தளர்வான தையல் ஒன்றால் ஓரத்தைக் கோத்து, சமதரையில் காயவிட வேண்டும். பெட்டியில் வைக்கும்போது மடிக்காமல், இடுப்பு ஒருபக்கமும் ஓரம் மறுபக்கமும் வரும்படி பாய்போலச் சுருட்ட வேண்டும். சுருளைக் குலையாமல் பிடித்துக்கொள்ளப் பழைய ஆட்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பெண்கள் அணியும் நீள நைலான் காலுறை ஒன்றின் கால்பகுதியை வெட்டி, அதற்குள் சுருளை நுழைத்துவிடுவது. போன தை மாதம் மதுரைக்கு எடுத்துப்போனபோது, விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அலுவலர் அந்தக் காலுறையை இரண்டு விரலால் தூக்கி, உள்ளே இருப்பது என்ன என்று கேட்டார். வேட்டி என்று சொல்லிவிட்டு வந்தேன்.